ஜெனோவா தாழ்வழுத்தம்

ஜெனோவா தாழ்வழுத்தம் என்பது இத்தாலியின் வடமேற்கிலுள்ள ஜெனோவா வளைகுடா, அதனையொட்டிய லிகூரியக் கடல் ஆகியவற்றின் மீது உருவாகும் தாழ்வழுத்தச் சுழல் ஆகும். மலைத்தொடர் ஒன்று காற்றின் சமநிலையைக் குலைத்து வளிமுகங்களை உருமாற்றுவதற்கு, வானிலையியலில் மிகுதியாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டுகளில் இதுவும் ஒன்று.

உருவாகும் விதம்

வெப்பநிலையும் அடர்த்தியும் வேறுபட்ட இரு காற்றுத் தொகுதிகளின் எல்லையே வளிமுகம். வடமேற்கிலிருந்து ஐரோப்பாவுக்குள் நுழையும் குளிர் வளிமுகத்துக்கு ஆல்ப்ஸ் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. சுமார் 1,200 கி.மீ. நீளமுள்ள இத்தொடரில் பல சிகரங்கள் 4,000 மீட்டருக்கும் உயர்ந்தவை. கனமான குளிர்காற்று அவ்வளவு எளிதில் மேலேற முடியாது. வளிமுகத்தின் மேற்பகுதி மலையைக் கடந்துவிட, கீழ்ப்பகுதி வடக்கிலேயே தங்கிவிடுகிறது. தெற்கே போ ஆற்றுச் சமவெளியில் வெப்பக்காற்று அப்படியே கிடக்கிறது.

தரை உராய்வுக்கு எட்டாத உயரத்தில் வீசும் காற்றில் பொதுவாக இரு விசைகள் ஏறத்தாழ ஈடாக இருக்கும். அழுத்தச் சரிவு விசை காற்றைத் தாழ்வழுத்தப் பக்கம் தள்ளும். புவிச் சுழற்சியால் விளையும் கொரியோலிசு விசை வட அரைக்கோளத்தில் அதை வலப்புறம் திருப்பும். எனவே காற்று சமஅழுத்தக் கோடுகளை ஒட்டியே செல்லும். ஆனால் கொரியோலிசு விசை காற்றின் வேகத்தைச் சார்ந்தது. மலை மறித்து வேகம் குறைந்தால் அவ்விசையும் குறையும். அழுத்தச் சரிவு விசையோ குறையாது. உடனே சமநிலை குலைகிறது. காற்று சமஅழுத்தக் கோடுகளை வெட்டிக்கொண்டு தாழ்வழுத்தத்தை நோக்கி ஓடத் தொடங்குகிறது.

அதற்குக் கிடைக்கும் வழிகள் சில பள்ளத்தாக்குகளே. பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு வழியே மிஸ்திரால் காற்றாகவும், கிழக்கே திரியெஸ்தே அருகே போரா காற்றாகவும் அது பாய்கிறது. இதனால் வளிமுகம் வில்போல வளைகிறது. மிஸ்திராலின் குளிரும் மத்தியதரைக் கடலின் ஈர வெப்பமும் அருகருகே வரும்போது வெப்பநிலை வேறுபாடு குறுகிய தூரத்துக்குள் அடங்கி, வளிமுகம் மேலும் கூர்மையாகிறது.

மலையைத் தாண்டி இறங்கும் காற்றுத்தூண் செங்குத்தாக நீள்கிறது. நீளும்போது அது ஒடுங்குவதால், தொட்டியின் வடிதுளையை நெருங்கும் நீரைப் போல வேகமாகச் சுழல்கிறது. இக்காரணங்கள் ஒன்றுசேரும்போது வளைகுடாவின் மீது தாழ்வழுத்தம் சில மணி நேரத்திலேயே வலுப்பெறக்கூடும். இதனை விரிவாக அளக்க, 1982ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் ஆல்பெக்ஸ் என்னும் பன்னாட்டுக் கள ஆய்வு நடத்தப்பட்டது.

விளைவுகள்

இத்தாழ்வழுத்தம் மேற்கில் நிலைகொண்டிருக்கும்போது ஏட்ரியாட்டிக் கடலின் மீது சிரோக்கோ எனும் தென்கிழக்குக் காற்று வீசி, கடல்நீரை வெனிசு நகரை நோக்கித் தள்ளும். காற்றழுத்தம் 1 எக்டோபாசுக்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 செ.மீ. உயரும் என்பதும் இதனுடன் சேர்கிறது. பேரலை ஏற்றமும் அதே வேளையில் வந்தால் நகரம் மூழ்கும். வெனிசைக் காக்கும் 78 கதவுகள் கொண்ட மோசே தடுப்பணை, 2020 அக்டோபர் 3 அன்று முதன்முறையாக உண்மையான உயரலைக்கு எதிராக எழுப்பப்பட்டது.

சில சுழல்கள் ஆல்ப்சின் கிழக்கு முனையைச் சுற்றி வடகிழக்காகப் போலந்து நோக்கி நகரும். செருமானிய வானிலையாளர் வான் பெப்பர் 1891இல் புயல் தடங்களுக்கு எண்ணிட்டபோது இத்தடத்துக்கு 'ஐந்து-பி' என்று பெயரிட்டார். அவரது மற்ற எண்கள் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டன. இது மட்டும் வெள்ள எச்சரிக்கைகளில் இன்றும் ஒலிக்கிறது. 2002 ஆகத்தில் இத்தடத்தில் சென்ற தாழ்வழுத்தம் செருமனியின் சின்வால்டில் ஒரே நாளில் 312 மி.மீ. மழையைக் கொட்டியது. சில நாட்களில் திரெசுடன் நகரில் எல்பே ஆறு 9.40 மீட்டரை எட்டியது.