உஷார்! பளபளக்கும் வெல்டிங்கை நம்பாதீர்கள்

திருப்பூர், கோவை பக்கம் மாஸ்க், சர்ஜிக்கல் கவுன், கவர்ஆல் போட்டுத் தரும் ஜாப் ஒர்க் யூனிட்காரர்களே! ‘ஜாயிண்ட் பிரிகிறது’ என்று பார்ட்டி போன் போட்டதும், ஆபரேட்டர் உடனே பிரஷரை ஏற்றுகிறாரா? நிறுத்தச் சொல்லுங்கள்!

ஊசி ஓட்டையே விழாது என்பதற்காகத்தான் மருத்துவத் துணிக்கு அல்ட்ராசோனிக் வெல்டிங். அந்த வெல்டிங்கே ஓட்டை போட்டால் அணிபவர் கதி என்ன?

20 கிலோஹெர்ட்ஸ் மெஷினில் ஹார்ன் நொடிக்கு 20,000 முறை அதிர்கிறது. அந்த அதிர்வில் பாலிபுரோப்பிலீன் இழை சூடேறி, சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகி ஒட்டுகிறது. அதிர்வின் வீச்சு, பிரஷர், ஓடும் ஸ்பீடு மூன்றும் சேர்ந்துதான் சூட்டை முடிவு செய்கின்றன. சூடு போதாவிட்டால் லேயர் பிரியும். சூட்டை ஏற்ற ஏற்ற ஜாயிண்டின் பலம் கூடும். ஓர் அளவைத் தாண்டினால் மளமளவென்று இறங்கும். ஆபத்து என்னவென்றால், அப்போதுதான் வெல்டிங் புள்ளி பார்க்கப் பளபளவென்று ‘ஸ்ட்ராங்’காகத் தெரியும்! உண்மையில் துணி அங்கே விறைத்த பிளாஸ்டிக் ஆகி, ஓரத்தில் இழை மெலிந்திருக்கும்.

மூன்று லேயர் மாஸ்க்கில் இன்னும் மோசம். கிருமியை வடிகட்டும் நடு லேயரான மெல்ட்ப்ளோன் இழையின் தடிமன் சில மைக்ரான்தான். சூடு மிஞ்சினால் முதலில் பொத்துக்கொள்வது அதுதான். வெல்டிங் பரப்பு அகலமானால் வடிகட்டும் இடமும் மூச்சுப் போகும் இடமும் குறையும்.

எப்போதெல்லாம் கவனம் தேவை?

* ரோல் மாற்றும்போது. 40 ஜிஎஸ்எம் துணிக்கு வைத்த செட்டிங் 25 ஜிஎஸ்எம் துணியைப் பொசுக்கிவிடும்.
* டெஸ்பாட்ச் அவசரத்தில் ஸ்பீடைக் கூட்டும்போது.
* மெஷின் பல மணி நேரம் ஓடி ஹார்ன் சூடேறிய பிறகு.
* ரோலர் ஒரு பக்கம் தேய்ந்து, அழுத்தம் சமமாக விழாதபோது.

ஷிஃப்ட் தொடக்கத்திலும் ரோல் மாற்றிய கையோடும் ஒரு பீஸை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே பிடியுங்கள். வெல்டிங்கில் வெளிச்சப் பொட்டு தெரிந்தால் ஓட்டை. பிறகு கையால் இழுங்கள். லேயர் முழுசாகப் பிரிந்தால் சூடு குறைவு. ஸ்டாம்ப் கிழிவதுபோல் புள்ளி வரிசையிலேயே கிழிந்தால் சூடு அதிகம். வெல்டிங்கை விட்டுத் தள்ளித் துணி கிழிந்தால் செட்டிங் சரி.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டை லேபில்தான் தெரியும். 2020இல் கோவை ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் கவர்ஆல்களைச் செயற்கை ரத்தம் கொண்டு சோதித்தபோது, துணியோடு ஜாயிண்டையும் சேர்த்தே பார்த்தார்கள். துணிக்கு மட்டும் சர்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டு லாரி ஏற்றாதீர்கள். செட்டிங் மாறினால் ஜாயிண்டுக்கும் மறுபடி டெஸ்ட் எடுங்கள். ரிசல்ட் வரும்வரை லாட் குடோனிலேயே இருக்கட்டும்!