செப்புத் தகட்டில் ஒரு சிரிப்பு

நடிகன் மேடையை விட்டிறங்கியதும் அவனது ஆட்டமும் மறைந்துவிடுகின்றது. ஆயினும் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் இத்தாலியில் ஆடிய விகடக் கலைஞரின் சாயலை இன்றும் நாம் காண முடிகின்றது. அதற்குக் காரணர் ஜாக் கலோ (1592 - 1635) என்னும் ஓவியர்.

லொறேன் கோமகனின் ஆட்சியிலிருந்த நான்சி நகரிற் பிறந்த கலோ, புளோரன்சில் மெடிச்சி குடும்பத்தினரின் ஆதரவிற் பணியாற்றி 1621இல் ஊர் திரும்பினார். அக்காலத்தை ஒட்டி அவர் ஆக்கிய 24 சிறு படங்களின் தொகுதி ‘பல்லி டி ஸ்பெசானியா’. ஸ்பெசானியா என்பது நேப்பிள்ஸ் நகரத்து ஆட்டமொன்றின் பெயர்.

இவை அமிலப் பொறிப்பு ஓவியங்கள். பூச்சிட்ட செப்புத் தகட்டில் ஊசியாற் கீறி அமிலத்தில் இடுவர். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மை நிரப்பித் தாளிற் பதிப்பர். நரம்பிசைக் கருவி செய்வோரின் கடின வார்னிஷைக் கலோ பூச்சாகப் பயன்படுத்தினார். எனவே ஒரே தகட்டைப் பலமுறை அரிக்கவிட முடிந்தது. முன்னே ஆட்டக்காரர் இருவர் தடித்த கோடுகளில் நிற்க, பின்னே மேடையும் சனக்கூட்டமும் மெல்லிய கோடுகளில் அமைந்தமை இதனாலேயே.

ஆட்டக்காரரிற் பலர் ‘கப்டன்’கள். ஒருவன் பெயர் மலையுடைப்பவன், இன்னொருவன் முதலை, வேறொருவன் சம்பிரதாயம். தொப்பியில் இறகு, இடையில் வாள், முகத்தில் நீள்மூக்கு முகமூடி. நேப்பிள்ஸ் அந்நாளில் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது. வீம்பு பேசும் கப்டன் என்னும் பாத்திரம் ஸ்பானியப் படையினரைப் பரிகசிக்கவே வளர்ந்தது என்பர். நகைக்கு நிலைக்களன் நான்கு கூறிய தொல்காப்பியர் எள்ளலை முதலில் வைத்தார். ஆயுதம் தாங்கியவனை எதிர்க்க இயலாதவர்க்கு எள்ளல் ஒன்றே மிஞ்சுகிறது.

இத்தொகுதியை மாணவருக்குக் காட்டும்போது, கலோ 1633இல் வெளியிட்ட ‘போரின் பெருந்துயரங்கள்’ என்ற 18 படங்களையும் உடன் காட்டுவது என் வழக்கம். அதே இறகுத் தொப்பி, அதே வாள். ஆனால் இங்கே படைவீரர் வீடு புகுந்து கொள்ளையிடுகின்றனர், ஊரை எரிக்கின்றனர். பின்னர் அவர்களிற் பலர் மரமொன்றிற் கொத்தாகத் தூக்கிலிடப்படுகின்றனர். கலோவின் ஊரான நான்சியைப் பிரெஞ்சுப் படை கைப்பற்றியதும் அந்த ஆண்டிலேயே.

முதற்றொகுதியை மட்டும் பார்ப்பவர் கலோவை வெறும் விகட ஓவியர் என்பர். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கோ, அந்தக் கப்டன் ஏன் அத்துணை கூர்மையாகக் கீறப்பட்டான் என்பது விளங்கும்.