எந்த நாளின் எம்டன்?

ஆம்பூரில் ஏற்றுமதிக்குத் தயாராகும் தோல் ஷூக்களில் ஒரு ரகம் உண்டு. மூக்கும் குதிகாலும் கறுத்து, நடுப்பகுதி வெளுத்து, பல வருடம் உழைத்ததுபோல இருக்கும். உண்மையில் அது யார் காலும் படாத புதுச் சரக்கு. டேனரியின் பினிஷிங் பிரிவில் முதலில் ஒரு நிறம் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் அடர்த்தியான வேறொரு நிறத்தை ஸ்பிரே செய்து, வெளுத்துத் தெரிய வேண்டிய இடங்களில் மட்டும் அதைத் தேய்த்து எடுக்கிறார்கள். ‘ஆன்டிக் பினிஷ்’ என்பார்கள். பேரணாம்பட்டிலிருந்து ராணிப்பேட்டை வரை இந்த வேலை அறிந்த கைகள் ஏராளம்.

இதே வேலையை ஒன்றரைச் சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் போர்க்கப்பலின் மேல் செய்வதற்கு ‘வெதரிங்’ என்று பெயர். பெட்டியில் வரும் உதிரிகளை ஒட்டிக் கப்பலைக் கட்டி முடித்த பிறகு, வெயிலும் உப்புக்காற்றும் அலையும் மாலுமிகளின் உழைப்பும் அந்தக் கப்பலை என்ன செய்திருக்கும் என்று யோசித்து, அந்தத் தடங்களை அதன் மேல் ஏற்றும் கலை அது. கடலைப் பார்க்கச் சென்னைக்கு ரயிலேற வேண்டிய ஊர்களில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஸ்பிரே கன்னைப் பிடிக்கத் தெரிந்தவர்களும், எந்தப் பூச்சின் மேல் எது நிற்கும் என்று அறிந்தவர்களும் இத்தனை பேர் ஒரே வட்டாரத்தில் இருக்கிறார்கள். இந்தக் கலை வேரூன்ற இதைவிடப் பொருத்தமான மண் தமிழ்நாட்டில் இல்லை என்றே நம்புகிறேன்.

முதலில் எந்தக் கப்பல்? நம்மவர்களுக்கு எம்டனை விட நெருக்கமான கப்பல் இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக் கடற்கரைக்கு எதிரே வந்து நின்ற ஜெர்மானியக் குரூசர் அது. உயர் நீதிமன்றக் கோபுரத்தில் அப்போது எரிந்துகொண்டிருந்த கலங்கரை விளக்கு அதற்கு வழிகாட்டியது. ஏறத்தாழ 125 குண்டுகள் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்துகொண்டு ரயிலேறினார்கள். நீதிமன்றச் சுற்றுச்சுவரில் அதற்கான கல்வெட்டு இன்றும் இருக்கிறது. அந்த முதல் உலகப் போரின்போதுதான், ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னை மாகாணத் தோல் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்காகப் பெருமளவில் கப்பலேறியது.

எம்டனின் நீளம் 118 மீட்டர் சொச்சம். ரெவெல் நிறுவனம் இதை 1:350 அளவில் கிட்டாக வெளியிட்டிருக்கிறது. கட்டினால் சுமார் 34 சென்டிமீட்டர் வரும். கட்டும் வேலையை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. உதிரிகளைச் சட்டத்திலிருந்து கட்டரால் வெட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்து, பசையை அளவோடு தொட்டு ஒட்டும் பொறுமைதான் அதில் பாதி. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். பாய்மரத்திலிருந்து இறங்கும் கம்பிகளுக்கு நூல் உதவாது, இந்த அளவில் அது தாம்புக்கயிறு மாதிரித் தெரியும். மிச்சமான பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தி நெருப்புக்கு மேலே சற்று உயர்த்திக் காட்டி, இளகியதும் நெருப்பைவிட்டு விலக்கி இரு கையாலும் இழுத்தால் முடி போன்ற இழை வரும். இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்பி 1:350-இல் ஒரு மில்லிமீட்டரின் பதினேழில் ஒரு பங்கு. அதற்கு இந்த இழைதான் சரி.

வண்ணத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். போர்க்கப்பல் என்றால் துரு என்று முடிவு செய்து, கப்பல் முழுக்கச் செம்பழுப்பை ஒழுகவிடுகிறார்கள். பார்த்தால் அலங் கடற்கரையில் உடைக்கக் காத்திருக்கும் கப்பல் போல இருக்கும். பணியில் இருக்கும் போர்க்கப்பலில் துருவைச் சுரண்டி வண்ணம் அடிப்பது மாலுமிகளின் அன்றாட வேலை. தவிர, எம்டன் சிங்தாவோ துறைமுகத்தை விட்டது 1914 ஜூலை 31. சென்னைக்கு வந்தபோது எட்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

ஆகவே தூரிகையைத் தொடும் முன் கேட்க வேண்டிய கேள்வி, இது எந்த நாளின் எம்டன் என்பதுதான். அமைதிக் காலத்தில் அது உடல் வெண்மையாக, மேற்கட்டுமானம் காவிமஞ்சளாக இருந்த கப்பல். ‘கிழக்கின் அன்னம்’ என்று அழைக்கப்பட்டது. போர் வந்ததும் சாம்பல் நிறத்துக்கு மாறியது. பிறகு துறைமுகம் இல்லாமல், பிடித்த கப்பல்களிலிருந்து நடுக்கடலில் நிலக்கரி ஏற்றிக்கொண்டே அலைந்தது. அலையில் இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று உரசும். கிடைத்த நிலக்கரி எல்லாம் நல்ல நிலக்கரியும் அல்ல. பொன்டோபோரோஸ் என்ற கிரேக்கக் கப்பலிலிருந்து கிடைத்த இந்திய நிலக்கரி கரும்புகை கக்கியது. சென்னைத் தாக்குதலுக்குச் சில நாள் கழித்துப் பிடிபட்ட புரெஸ்க் கப்பலில்தான் உயர்ந்த வேல்ஸ் நிலக்கரி இருந்தது.

இந்தத் தகவல்கள்தான் வெதரிங்குக்கு வழிகாட்டி. சென்னை நாள் எம்டனில் துருவை விடக் கரி முக்கியம். ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் கறுப்பு பேஸ்டல் கட்டியை உப்புத்தாளில் உரசிப் பொடி எடுங்கள். உலர்ந்த தூரிகையால் அதைப் புகைபோக்கிகளின் வாயிலும், மேல்தளத்தின் மூலைகளிலும், நிலக்கரி கொட்டும் துளைகளைச் சுற்றியும் ஒற்றுங்கள். பக்கவாட்டில், கப்பலோடு கப்பல் உரசியிருக்கக்கூடிய நடுப்பகுதியில், கிடைமட்டமாகச் சில கீறல்கள். சாம்பலுக்கு அடியில் பழைய வெள்ளை இருந்த கப்பல் என்பதால், அந்தக் கீறலில் துளி வெள்ளை எட்டிப்பார்த்தால் நியாயமே.

துரு வேண்டிய இடங்களும் உண்டு. நங்கூரச் சங்கிலி உரசும் துவாரமும், தளத்து நீர் வழியும் துளைகளும்தான் அவை. பழுப்பு எண்ணெய் வண்ணத்தை ஊசிமுனையால் அந்தத் துளைக்குக் கீழே ஒரு புள்ளி வையுங்கள். சில நிமிடம் பொறுத்து, தட்டைத் தூரிகையை டர்பன்டைனில் நனைத்துத் துணியில் நன்றாக ஒற்றியெடுத்துவிட்டு, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. தண்ணீர் வழியும் திசையில் மட்டுமே இழுக்க வேண்டும். புள்ளி நீண்டு, மெலிந்து, நுனியில் எங்கே முடிந்தது என்று தெரியாமல் கரையும். அதற்கு மேல் தொடாதீர்கள். நிஜக் கப்பலில் பத்து சென்டிமீட்டர் அகலத்துக்கு வண்ணம் உரிந்திருந்தால், மாடலில் அது 0.3 மில்லிமீட்டர் கூட வராது. மாடலில் பளிச்சென்று தெரியும் ஒவ்வொரு உரிசலும் நிஜத்தில் ஒரு கதவளவு என்பதை மனதில் வைத்தால் கை தானாக அடங்கும்.

கீழே உள்ள சாம்பல் நிறம் அக்ரிலிக் ஆக இருந்து நன்றாகக் காய்ந்திருந்தால், டர்பன்டைன் அதை அசைக்காது. இந்தக் கணக்கை டேனரிக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் கரைத்த பைண்டரும் பிக்மென்டும் அடியில், அதன்மேல் லாக்கர் என்று அன்றாடம் அடிப்பவர்கள் அவர்கள். மாடலிலும் நிறத்துக்கு மேல் பளபளப்பான வார்னிஷ் ஒரு பூச்சு அடித்தால்தான் எண்ணெய் வண்ணம் வழுக்கிக்கொண்டு ஓடும். கடைசியில் மேட் வார்னிஷ் அடித்து அந்தப் பளபளப்பைக் கொல்ல வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் நம் பக்கம் ஏர்பிரஷின் மூக்கிலேயே அக்ரிலிக் காய்ந்து, பரப்பில் தூசி போல விழும். விடியற்காலையில் அடிப்பதும், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இரண்டு சொட்டு சேர்ப்பதும் இதற்கு வழி.

நீர்க்கோட்டுக்குக் கீழே பச்சையும் பாசியும் எவ்வளவு? அதையும் தேதி சொல்லும். அக்டோபர் இரண்டாம் வாரம் டியாகோ கார்சியா தீவில், கப்பலை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒட்டுயிர்களைச் சுரண்டினார்கள். சென்னைக்கு வந்த கப்பலில் அவை அப்படியே இருந்திருக்கும். அதற்குப் பிந்தைய எம்டனில் குறைக்க வேண்டும்.

அக்டோபர் 28 அன்று பினாங்கு துறைமுகத்துக்குள் நுழைந்த எம்டனைச் செய்வதாக இருந்தால் இன்னொரு வேலை சேர்கிறது. மூன்று புகைபோக்கிக் கப்பலான அது, யார்மத் என்ற பிரிட்டிஷ் குரூசர் போலத் தெரிய நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டது. அது மரச்சட்டமும் கித்தான் துணியும். மற்ற மூன்றில் சூட்டில் கருகிய வண்ணமும் கரியும் காட்டலாம். நான்காவதில் துணியின் சுருக்கமும் ஈரக்கறையும் மட்டுமே வரும். துரு அதில் ஒரு புள்ளிகூட விழக் கூடாது.