கரையாத மின்வாய் எது?

நீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்ஸிஜனும் பிரிந்து வரும் என்று வகுப்பில் படித்திருக்கிறோம். இதற்கு மின்னாற்பகுப்பு என்று பெயர். ஹைட்ரஜன் எரியும்போது கரியோ புகையோ இல்லை. மீண்டும் நீரே கிடைக்கிறது. ஆகவே 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் தயாரிக்க வேண்டும் என்ற இலக்குடன் 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது.

பள்ளிக் கண்காட்சிக்காக நாங்களும் இதைச் செய்து பார்த்தோம். உப்பு நீரில் இரண்டு இரும்பு ஆணிகளை நிறுத்தி பாட்டரியுடன் இணைத்தோம். எதிர்மின்வாயில் குமிழிகள் பொங்கின. நேர்மின்வாயில் குமிழியையே காணோம்! சற்று நேரத்தில் நீர் பழுப்புச் சேறாயிற்று. ஆணியும் அரித்துப் போயிருந்தது. தோற்றுவிட்டோமே என்று வருந்தினோம். சிஸ்டரோ சிரித்துக்கொண்டே, “ஏன் இப்படி ஆயிற்று என்று கேளுங்கள், அதுதான் பாடம்” என்றார்கள்.

காரணம் இதுதான். நேர்மின்வாயில் எலக்ட்ரான்கள் பறிக்கப்படுகின்றன. நீர் கொடுக்க வேண்டிய எலக்ட்ரான்களை இரும்பு முந்திக்கொண்டு கொடுத்து, தானே கரைந்துவிடுகிறது. கரிக்கோலும் நாளடைவில் உதிரும். பிளாட்டினம் நிலைக்கும், ஆனால் விலை அதிகம். எனவே தொழிற்சாலைகளில் காரக் கரைசலில் நிக்கலைப் பயன்படுத்துகிறார்கள். அதன்மேல் உண்டாகும் மெல்லிய படலம் உலோகத்தைக் காக்கிறது, மின்சாரத்தையும் தடுப்பதில்லை. அமிலச் சூழலில் நிக்கல் கரைந்துவிடும். அங்கே டைட்டானியம் கைகொடுக்கிறது. ஆனால் அதன் படலம் மின்சாரத்தைத் தடுப்பதால், மேலே இரிடியம் ஆக்ஸைடு போன்ற பூச்சு தேவை. குளோரின் தயாரிக்கும் ஆலைகளுக்காக, இவ்வாறு பூச்சிட்ட டைட்டானிய மின்வாய்களைக் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் நம் நாட்டிலேயே உருவாக்கியது. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த நிலத்தில் எழுந்து, 1953இல் திறக்கப்பட்ட நிலையம் அது.

டைட்டானியம் நமக்குப் புதிதன்று. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் நாம் மிதிக்கும் கருமணலில் உள்ள இல்மனைட்டு அதன் தாதுவே. நமது முப்பந்தல் காற்றாலைகள் தரும் மின்சாரத்தால் ஹைட்ரஜன் தயாரிக்கலாமே என்று தோன்றும். ஆனால் காற்று நின்று நின்று வீசும். மின்சாரம் நிற்கும்போது கலத்தினுள் எதிர்த்திசையில் ஓடும் மின்னோட்டம் மின்வாய்களைச் சிதைக்கும். அதையும் தாங்கும் மலிவான பொருளைத் தேடுவதே இன்றைய ஆராய்ச்சி.

தோழியரே, ஓர் எச்சரிக்கை. உப்பு நீரில் கரையாத மின்வாயை வைத்தால் நச்சுக் குளோரின் வாயு வரும். ஹைட்ரஜனோ தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆசிரியர் துணையின்றி இதைச் செய்யாதீர்கள்.

அரித்துப்போன அந்த ஆணியை நாங்கள் எறியவில்லை. கண்காட்சியில் அதையே முன்வரிசையில் வைத்தோம்.