நெஞ்சுப் படத்தில் சிதறிய புள்ளிகள்

இரண்டு நுரையீரலிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், வெலிமடைப் பக்கத்துத் தோட்டங்களில் உடனே வாயில் வருவது காசம், இல்லாவிட்டால் புற்றுநோய். இரண்டும் இருக்கக்கூடும். ஆனால் படத்தை மட்டும் வைத்து அதை முடிவு செய்ய முடியாது. ஆறிப்போன வடுவும், தங்கிவிட்ட தூசியும், புற்றுக்கட்டியும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகத்தான் விழும்.

முதலில் காசத்தைப் பார்த்துவிடுவதில் நியாயம் இருக்கிறது. காசநோய்க் கிருமி இரத்தத்தோடு கலந்து பரவினால், நுரையீரல் முழுக்கத் தினை விதைத்தாற்போல் 1 முதல் 3 மில்லிமீட்டர் புள்ளிகள் தெரியும். விடாத காய்ச்சல், உடல் மெலிவு, இரவு வியர்வை ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். இந்த வகையில் சளியில் கிருமி அகப்படாமல் போவது சகஜம். ஆகவே சளிப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடக் கூடாது. தாமதித்தால் கிருமி மூளையுறைக்கும் போகும். ஒரே லய அறையில் பலர் படுக்கும் குடும்பங்களில் மற்றவர்களையும் பரிசோதிக்க வேண்டும்.

ஆனால் காசத்தைப் போலவே படம் காட்டி ஏமாற்றும் நோய்களும் உண்டு. ஆந்திராவின் மதனப்பள்ளி காசநோய் சானடோரியத்தில் ஃப்ரிமோட் மோலர், பார்ட்டன் என்ற இரு மருத்துவர்கள் 1940இல் அப்படியொன்றை விவரித்தார்கள். இரவில் வாட்டும் இருமல், படத்தில் புள்ளிகள், ஆனால் காசமில்லை. இரத்தத்தில் இயோசினோஃபில் அணுக்கள் மட்டும் எக்கச்சக்கம். யானைக்கால் புழுவின் குஞ்சுகளை உடல் எதிர்த்துப் போராடுவதால் வருவது இது என்பது பின்னால்தான் தெளிவானது. புழு மருந்தான டையெத்தில்கார்பமசீன் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இலங்கையில் யானைக்கால் நோய் கரையோரத்து நோய். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற அளவில் அது ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. என்றாலும் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளில் வருடக்கணக்காக வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள். எங்கே இருந்தாய் என்று கேட்காத வைத்தியருக்கு அது நினைவுக்கு வராது.

வளர்ந்த பிறகு சின்னம்மை போட்டு, அது நுரையீரலையும் தாக்கியிருந்தால், பல வருடம் கழித்துச் சுண்ணாம்பேறிய புள்ளிகள் தங்கிவிடும். அவை வெறும் தழும்பு, மருந்து வேண்டாம். நம் நாட்டில் பெரியவர்களுக்கும் அம்மை நிறையவே வருகிறது.

அடுத்தது தொழிலில் சுவாசிக்கும் தூசி. நெஞ்சு நோய் மருத்துவர் சி.ஜி. உரகொடவும் ரணசிங்கவும் இலங்கைக் காரீயச் சுரங்கமொன்றில் 344 தொழிலாளரைப் பரிசோதித்து 1972இல் வெளியிட்ட ஆய்வில், 78 பேரின் எக்ஸ்ரேயில் மாற்றம் இருந்தது. கல் உடைப்பவர், சுரங்கம் தோண்டுபவர் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. தேயிலைத் தூசியைப் பற்றியும் உரகொட ஆராய்ந்தார். அங்கே அவர் கண்ட பெரிய தொல்லை நாட்பட்ட இருமலும் ஆஸ்துமாவும்தான். பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் பறவை எச்சமும் சிலருக்கு மங்கலான சிறு புள்ளிகளை உண்டாக்கும்.

புற்றுநோய்? மார்பகம், தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றின் புற்று நுரையீரலுக்குப் பரவினால் பல புள்ளிகள் வரும்; பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அளவு வேறுபடும். ஆனால் சீ.டி. ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும் 6 மில்லிமீட்டருக்குக் குறைந்த புள்ளிகள் பெரும்பாலும் தீங்கற்றவை. புகைக்காத, ஏற்கெனவே புற்றுநோயோ நோய் எதிர்ப்புக் குறைவோ இல்லாத 35 வயதுக்கு மேற்பட்டவருக்கு அவற்றைத் தொடர்ந்து படமெடுத்துப் பார்க்கத் தேவையில்லை என்பது நெஞ்சுப் பட நிபுணர்களின் அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டல். ஸ்கேன் மலிந்த பிறகு புள்ளிகள் கூடவில்லை, கண்ணில் படுவதுதான் கூடியிருக்கிறது.

காசம் என்று உறுதியானால் அரசாங்க நெஞ்சு நோய் கிளினிக்கில் மருந்து இலவசம். வழக்கமாக 6 மாதம். அந்த மருந்துகளில் ஒன்றான ஐசோனியாசிட் மாத்திரை எடுப்பவர்கள் பலயா மீன் சாப்பிட்டால் முகம் சிவந்து தலைவலி வரலாம் என்று 1970களில் கண்டுபிடித்தவர்களில் ஒருவரும் உரகொடதான். கரையிலிருந்து லொறியேறி மலைக்கு வரும் பழைய மீனில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

கிளினிக்குப் போகும்போது பழைய எக்ஸ்ரேக்கள் இருந்தால் கட்டாயம் கொண்டுபோங்கள். பார்த்த வேலைகள், இருந்த ஊர்கள், வந்த அம்மை, வீட்டில் யாருக்காவது காசம் இருந்ததா என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.