கூரை உயரும் பிக்கப் கேம்பர்

கூரை உயரும் பிக்கப் கேம்பர் அல்லது பாப்-அப் டிரக் கேம்பர் என்பது, பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டியில் பொருத்தப்படும், கழற்றி இறக்கக்கூடிய சிறிய தங்கும் பெட்டி ஆகும். வண்டி ஓடும்போது இதன் கூரை தாழ்ந்திருக்கும். நிறுத்திய பின் கூரையைத் தூக்கினால், உள்ளே மடிந்திருக்கும் துணிச்சுவர் விரிந்து, ஒருவர் நிமிர்ந்து நிற்கும் உயரம் கிடைக்கும். படப்பிடிப்புத் தளங்களில் நிற்கும் "கேரவன்" இதிலிருந்து வேறுபட்டது. அதில் வண்டியும் அறையும் ஒன்றே. இதில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வண்டியில் வழக்கம்போல் சுமை ஏற்றலாம்.

கூரையைத் தாழ்த்துவதால் காற்றுத் தடை குறைகிறது, வளைவுகளில் வண்டி சாய்வதும் குறைகிறது. நகரத்தில் வேறொரு பயனும் உண்டு. தரமணி, பெருங்குடிப் பகுதிகளில் உள்ள அலுவலகக் கட்டடங்களின் அடித்தள வாகன நிறுத்தங்களில் நுழைவாயிலிலேயே உயரத் தடுப்புக் கம்பி இருக்கும். நிலையான உயரம் கொண்ட கேம்பர் அங்கே நுழையாது. தாழ்ந்த கூரை என்றால், அளந்து கட்டியிருந்தால், நுழைய வாய்ப்பு உண்டு.

அமெரிக்காவில் ஃபோர் வீல் கேம்பர்ஸ் நிறுவனம் 1972 முதல் இவ்வகைப் பெட்டிகளைச் செய்துவருகிறது. கழற்றக்கூடிய வீடு என்ற எண்ணம் அதற்கும் முந்தையது. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இல் ஃபோக்ஸ்வாகன் வேனுக்காகச் செய்த முகாம் பெட்டியை, பயணம் முடிந்ததும் வெளியே எடுத்துவிடலாம்.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டில் இத்துறையில் பரவலாகப் பேசப்பட்ட முதல் முயற்சி பிக்கப்பில் அல்ல, ஆட்டோவில் நடந்தது. நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரைச் சேர்ந்தவரும் சென்னையில் கட்டடக்கலை பயின்றவருமான அருண் பிரபு, "சோலோ 0.1" என்ற பெயரில் ஒரு பழைய ஆட்டோவின் மேல் 36 சதுர அடி வீட்டை அமைத்தார். சமையலிடம், குளியலறை, படுக்கை, வேலை செய்யும் இடம் ஆகியவை அதில் இருந்தன. 600 வாட் சூரியத் தகடும் 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் பொருத்தப்பட்டிருந்தன. பெரும்பாலும் பழைய பொருள்களால் ஆன இதற்கு ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் செலவானது. வீடு ஆறு போல்ட்டுகளால் வண்டியுடன் இணைக்கப்பட்டிருந்ததால் தனியே கழற்றவும் முடியும். 2021 பிப்ரவரியில் இதன் படங்களைப் பகிர்ந்த ஆனந்த் மகிந்திரா, பொலிரோ பிக்கப்பின் மேல் இதுபோன்ற ஒன்றை வடிவமைக்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

அடுத்த கட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பொலிரோ கேம்பர் கோல்டு வண்டியை அடிப்படையாகக் கொண்டு தங்கும் வசதியுள்ள கேம்பர்களை உருவாக்க, கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனத்துடன் மகிந்திரா நிறுவனம் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. கேம்பர்வேன் ஃபேக்டரி, சென்னை ஐஐடியின் தொழில் வளர்ப்பு அமைப்பின் ஆதரவில் வளர்ந்த நிறுவனம். அந்த அமைப்பு தரமணி கனகம் சாலையில் உள்ள ஐஐடி ஆய்வுப் பூங்காவில் இயங்குகிறது. நால்வர் உறங்கும் இடம், கழிப்பறை, குளியல் வசதி, குளிர்பெட்டியுடன் கூடிய சமையலிடம் ஆகியவை அந்த அறிவிப்பில் இடம்பெற்றன. (பொலிரோ கேம்பர் என்ற பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது இரண்டு வரிசை இருக்கை கொண்ட பிக்கப்பின் பெயர்தான். அதில் படுக்கை கிடையாது.)

எடைக் கணக்கு

கேம்பர் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் தளபாடங்களிலிருந்து தொடங்குகின்றனர். எடையிலிருந்து தொடங்குவதே சரி. பதிவுச் சான்றிதழில் வண்டியின் வெற்று எடையும், சுமையுடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசமே கையில் இருக்கும் மூலதனம். ஆட்களும் அதற்குள் அடக்கம்.

உதாரணமாக, வித்தியாசம் 500 கிலோ என்று கொள்வோம். இரண்டு பேருக்கு 140 கிலோ போனால் மீதி 360. தண்ணீர் 60, மின்கலமும் சூரியத் தகடும் 40, எரிவாயு உருளையும் அடுப்பும் 15, படுக்கை, பாத்திரம், துணிமணி 45 என்று கழித்தால், பெட்டிக்கு மிஞ்சுவது 200 கிலோ. இரும்புச் சட்டமும் கனமான பிளைவுட்டும் கொண்டு கட்டினால் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும். அலுமினியச் சட்டத்தில், நடுவே நுரை வைத்த மெல்லிய பலகைகளைப் பதிப்பது இதனால்தான். துணிச்சுவரும் எடையைக் குறைக்க உதவுகிறது.

தண்ணீரின் எடையைப் பலரும் மறந்துவிடுகின்றனர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. சோலோ 0.1-இல் இருந்த 250 லிட்டர் தொட்டியை நிரப்பினால், ஓட்டுநருடன் மூன்று பயணிகள் ஏறியதற்கு ஏறக்குறைய சமமான எடை அதிலேயே சேரும். எனவே பெரிய தொட்டி வைத்தாலும், தங்கும் இடத்தை அடைந்த பிறகு நிரப்புவதே நல்லது. பாதி நிறைந்த தொட்டிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு: வளைவில் தண்ணீர் ஒரு பக்கமாக அலைமோதும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்தால் இது குறையும்.

எடை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். கனமான பொருள்கள் பின் அச்சுக்கு முன்னால், தரையை ஒட்டி இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் லாரிகள் நிறுக்கும் எடைமேடைக்குச் சென்று, முழு வண்டியையும் பின் சக்கரங்களைத் தனியாகவும் நிறுத்துப் பார்க்கலாம். சில நூறு ரூபாய்க்குள் முடியும் இந்த வேலையைத் தவிர்ப்பவர்கள் பின்னர் பட்டை வில்லுக்கும் டயருக்கும் செலவழிக்கின்றனர்.

கூரையும் துணிச்சுவரும்

இரட்டை வரிசை பிக்கப்புகளின் தொட்டி நீளம் ஐந்து அடி அளவிலேயே இருப்பதால், அதில் காலை நீட்டிப் படுக்க முடியாது. எனவே பெட்டியின் மேற்பகுதியை ஓட்டுநர் அறைக்கு மேல் நீட்டி, அங்கே படுக்கை அமைக்கப்படுகிறது.

கூரையைத் தூக்கப் பொதுவாகக் கார் டிக்கியில் இருப்பது போன்ற வாயுத் தண்டுகள் பயன்படுகின்றன. 60 கிலோ கூரைக்கு நான்கு தண்டுகள் என்றால், ஒவ்வொன்றும் சுமார் 15 கிலோவைத் தாங்க வேண்டும். மொத்த விசை கூரையின் எடையைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் மூடும்போது போராட வேண்டியிருக்காது. பின்னாளில் 12 கிலோ சூரியத் தகடு ஒன்றை மேலே வைத்தால் இந்தக் கணக்கு மாறிவிடும். வாயுவின் அழுத்தம் வெப்பத்தைப் பொறுத்தது என்பதால், சென்னையில் சுலபமாக எழும் கூரை கொடைக்கானல் விடியலில் சற்றுக் கனக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் துணிச்சுவரே பலவீனமான இடம். நனைந்த துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும்; மழை நின்றதும் கூரையைத் தூக்கி உலர்த்த வேண்டும். பலத்த காற்றில் கூரையை இறக்கிவிட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் அடிக்கடி செல்லும் வண்டிகளில் உப்புக்காற்று சாதாரண இரும்புத் திருகுகளை அரித்துவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகள் தேவை.

மின்சாரமும் வெப்பமும்

பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட 30 வாட் மின்விசிறி பத்து மணி நேரம் ஓடினால் 300 வாட்-மணி செலவாகும். விளக்கு, கைப்பேசி, மடிக்கணினி சேர்த்தால் நாளுக்கு 500 போதும். 12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் மின்கலம் 1,280 வாட்-மணி கொண்டது. இரண்டு இரவுகளைத் தாங்கும். 200 வாட் சூரியத் தகடு, இழப்புகள் போகச் சென்னை வெயிலில் நாளுக்கு 700 வாட்-மணி அளவு தரும்.

குளிர்சாதனம் வேண்டும் என்றதும் இந்தக் கணக்கு உடைகிறது. ஓர் இரவுக்கு 5,000 வாட்-மணி என்று வைத்தால், நான்கு மின்கலங்களும் 1,400 வாட் தகடுகளும் தேவை. அத்தகைய தகடுகள் சுமார் 7 சதுர மீட்டர் இடம் கேட்கும். பிக்கப் கேம்பரின் கூரையோ 4 சதுர மீட்டரைத் தாண்டுவது அரிது. எனவே நான்கு பக்கமும் கொசுவலைச் சாளரம், கூரையில் வெப்பக்காற்றை வெளியேற்றும் விசிறி, நிழலான நிறுத்துமிடம் ஆகியவையே நடைமுறைத் தீர்வு.

சமையலுக்கு 5 கிலோ எரிவாயு உருளை போதுமானது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே உருளை வைக்கும் அறைக்குத் தரைமட்டத்தில் வெளிப்புறம் திறக்கும் துளை கட்டாயம் வேண்டும். மேலே சாளரம் திறந்திருப்பது மட்டும் போதாது.

சட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மோட்டார் கேரவன்களாகவே கட்டப்படும் வண்டிகளுக்கு ஏஐஎஸ் 124 என்ற தனித் தரநிலை உள்ளது.

ஓட்டுநர் அறையின் பின்சுவரை வெட்டி வழி அமைப்பது, சட்டகத்தில் பற்றவைப்பது, தொட்டியையே நீக்குவது போன்றவை வண்டியின் கட்டமைப்பை மாற்றுபவை. டர்ன்பக்கிள் திருகுகளால் இழுத்துக் கட்டி, வேண்டும்போது இறக்கி வைக்கும் பெட்டி அந்த அளவுக்குப் போவதில்லை. ஆயினும் அது வண்டியின் அகலத்தை மீறாமலும், பின்விளக்குகளையும் பதிவெண் பலகையையும் மறைக்காமலும் இருக்க வேண்டும். வேலையைத் தொடங்குமுன் அளவுகளுடன் கூடிய வரைபடத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டி எழுத்துப்பூர்வமாகக் கருத்துப் பெறுவதும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் அவசியம். ஓடும் வண்டியில் பெட்டிக்குள் எவரும் அமர்ந்து செல்லக் கூடாது.