கடிதம் ஏன் கிளம்பவில்லை?

மின்னஞ்சல் வந்து சேருகிறது. ஆனால் நாம் எழுதும் கடிதம் மட்டும் வெளியே போக மறுக்கிறது. இது ஏன்?

வரும் வழி வேறு, செல்லும் வழி வேறு. நம் கடிதத்தைச் சேவை நிறுவனத்தின் அஞ்சல் கணிப்பொறி முதலில் வாங்கி, பிறகு உரிய இடத்துக்கு அனுப்புகிறது. 1982-இல் ஜோனதன் போஸ்டல் இதற்கான விதிகளை வெளியிட்டபோது, அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை. விளம்பரக் குப்பை அனுப்புவோர் இதைப் பயன்படுத்திக்கொண்டனர். 1999-இல் அடையாளம் கேட்கும் முறை விதிகளில் சேர்ந்தது.

கடிதம் நின்றுவிட்டால், திரையில் தோன்றும் மூன்றிலக்க எண்ணைக் கவனியுங்கள். 4-இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது. சற்றுப் பொறுத்து முயலலாம். 5-இல் தொடங்கினால், காரணத்தை நீக்காமல் திரும்பத் திரும்ப அனுப்பிப் பயனில்லை. 535 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ பொருந்தவில்லை. வரும் வழிக்கு மாற்றிய புதிய கடவுச்சொல்லைச் செல்லும் வழிக்கும் கொடுத்தீர்களா?

எண்ணே தோன்றாமல் காத்துக்கொண்டே இருந்தால்? கணிப்பொறிக்கு எண்ணிட்ட வாயில்கள் பல உண்டு. 25-ஆம் வாயிலைப் பல இணைய நிறுவனங்கள் பயனாளர்களுக்கு அடைத்துவிட்டன. கடிதம் ஒப்படைக்க ஏற்பட்டது 587-ஆம் வாயில். அதை முயன்று பாருங்கள்.

ஆனால் ஒன்று. கோளாறு தீரவேண்டும் என்ற அவசரத்தில் மறையாக்கத்தை நிறுத்திவிடாதீர்கள். கடவுச்சொல் பெரும்பாலும் 'பேஸ்64' என்ற எழுத்துமாற்றத்தில் செல்கிறது. பார்வைக்குப் புரியாவிட்டாலும் அது பூட்டு அன்று. வழியில் பிடிப்பவர் நொடியில் பிரித்துப் படித்துவிடுவார். பிறகு உங்கள் பெயரில் கடிதம் எழுதுபவர் அவராக இருப்பார்!